எதையும் பிடிக்காத எட்டு போல்ட்

புதிதாக வந்திருக்கும் உங்கள் இருவருக்கும்,

வேலையில் சேர்ந்த முதல் வாரத்திலேயே நீங்கள் கேட்கப்போகும் கேள்வி எனக்குத் தெரியும். உழவு இயந்திரத்தின் பின்னால் பூட்டி இழுக்க நாம் செய்யும் கல்டிவேட்டரின் பின்சட்டத்தில், வலப்பக்கமாக, எட்டு போல்ட் வரிசையாகப் பூட்டியிருக்கும். அவை எந்தத் தண்டையும் பிடிக்கவில்லை, எந்தத் தகட்டையும் இணைக்கவில்லை. எட்டையும் கழற்றி வீசினாலும் இயந்திரம் ஒரு குறையும் இல்லாமல் உழும். எதையாவது குறைக்கச் சொல்லி முதலாளி கேட்கும் அன்று உங்கள் பேனா முதலில் போய் நிற்கப்போவது அந்த எட்டின் மேல்தான். உங்கள் இடத்தில் நான் இருந்தாலும் அப்படித்தான் செய்வேன்.

அவை ஏன் அங்கே இருக்கின்றன என்பதை எழுதிவைத்துவிட்டுப் போகிறேன். வரைபடத்தில் அதை எழுத இடமில்லை.

ஓய்வு பெறுகிறவர்கள் அறுபது வயதில் சொல்வதை இவள் முப்பத்திரண்டில் சொல்கிறாளே என்று நீங்கள் சிரிக்கலாம். சிரியுங்கள். ஒன்பது வருடம் இந்த மேசையில் இருந்தேன். அதற்கு மேல் இருக்க என்னிடம் ஒன்றும் மிச்சமில்லை.

நான் மலையகத்தில், தேயிலைத் தோட்டத்தில் பிறந்தவள். எங்கள் குடும்பத்தில் பள்ளிக்கூடம் போன முதல் ஆள். யார் எந்தக் காகிதத்தை நீட்டினாலும் அம்மா பெருவிரலைத்தான் வைப்பார். தொழில்நுட்பக் கல்லூரியில் இயந்திரப் படம் வரையப் படித்துவிட்டு, கொழும்பில், கொட்டாஞ்சேனையில் ஒரு அறையில் தங்கி, அங்கிருந்து கிராண்ட்பாஸுக்கு நடந்து இந்தப் பட்டறைக்கு வந்தேன். வரைபடத்தின் கீழ்மூலையில் ‘சரிபார்த்தவர்’ என்று ஒரு சிறிய கட்டம் இருக்கிறதல்லவா, அதில் முதல் நாளே என் முழுப் பெயரையும் அப்பாவின் பெயரோடு எழுதினேன்.

“பிள்ளை, உதுக்குள்ளை ரெண்டு எழுத்துப் போட்டாக் காணும்,” என்றார் முதலாளி. அவர் யாழ்ப்பாணத்துக்காரர், வெள்ளவத்தையில் வீடு. கோபப்படாத மனிதர்.

“இல்ல ஐயா, முழுசா எழுதுறேன்,” என்றேன்.

எங்கள் ஆட்களுக்கு இந்த நாட்டில் சொந்தமாக ஒரு சாண் நிலம் கிடையாது. எனக்கு அந்தக் கட்டம் கிடைத்தது. அதில் யார் கை வைத்தாலும் பொறுத்துக்கொள்ள மாட்டேன் என்கிற திமிர் எனக்கு இருந்தது. இனி வரப்போவதெல்லாம் அந்தத் திமிரிலிருந்து வந்ததுதான்.

எங்கள் கல்டிவேட்டரில் ஒன்பது தண்டு. ஒவ்வொரு தண்டின் நுனியிலும் மண்ணைக் கிளறும் ஒரு கொழு. தேய்ந்தால் கொழுவை மட்டும் மாற்றலாம். மண்ணுக்கேற்றபடி அதன் சாய்வையும் மாற்றலாம். இந்த இரண்டு வசதிக்காகத்தான் ஆட்கள் நம்மைத் தேடி வந்தார்கள்.

சாய்வை மாற்ற நான் முதலில் வரைந்தது ஒரு நீண்ட துளை. போல்ட்டைத் தளர்த்தி, கொழுவை விரும்பிய சாய்வில் நிறுத்தி, மறுபடி இறுக்கலாம். தாளில் பார்க்க அழகாக இருந்தது. பட்டறையில் பியதாச பாஸ் அதைப் பார்த்துத் தலையை ஆட்டினார். இரும்பு வேலையில் இருபது வருடப் பழக்கம் உள்ளவர் அவர், அந்தக் கைத்திறமைக்குத்தான் ‘பாஸ்’ என்ற பட்டம். கிராண்ட்பாஸில் பிறந்து வளர்ந்த சிங்களவர். தமிழை அக்கம்பக்கத்தில் பொறுக்கிக்கொண்டவர்.

“மிஸ், இதுக்குள்ள மண்ணு போகும். மண்ணு காயும். பெறகு அந்த மனுசன் சுத்தியலால அடிப்பான்.”

“ஏன் அடிக்கணும்? கழுவிட்டுத் தளர்த்தலாம்தானே?”

“மிஸ் கழுவுவீங்க. அவன் அடிப்பான்.”

அடித்தார்கள். திரும்பி வந்த கொழுக்களில் துளையின் விளிம்பெல்லாம் நசுங்கியிருந்தது. இறுக்கம் நிற்கவில்லை. உழும்போதே சாய்வு மாறிப்போனது. நீண்ட துளையை எடுத்துவிட்டு மூன்று வட்டத் துளை வரைந்தேன். ஆழமாக, நடுத்தரமாக, மேலாக உழ ஒவ்வொன்று. அவ்வளவுதான் தேர்வு. ஆட்களுக்கு நாம் எவ்வளவு இடம் விடுகிறோமோ அவ்வளவும் பிழை விடுவதற்கான இடமும்தான் என்று அன்று ஒரு பாடம் படித்தேன். அது சின்னப் பாடம். அதற்கு யாரும் இரத்தம் சிந்தவில்லை.

அந்த மூன்று துளைகளில் ஒன்றுக்குள் போகும் போல்ட்தான் இந்தக் கதை. அது மெல்லிரும்பு. வேண்டுமென்றே பலவீனமாக வைத்தது. கொழு கல்லிலோ வேரிலோ மோதினால் அந்த போல்ட் துண்டாகும், கொழு பின்னால் மடங்கும், உழவு இயந்திரம் நிற்காமல் தாண்டிப்போகும். பிறகு ஒரு புது போல்ட்டைப் போட்டுக்கொண்டு வேலையைத் தொடரலாம். பட்டறையில் அதற்குச் ‘சாகிற போல்ட்’ என்று பெயர். மற்றதெல்லாம் பிழைக்க அது ஒன்று சாகவேண்டும்.

போர்நிறுத்தத்தில் வடக்குப் பாதை திறந்திருந்த காலத்தில், ஆயுத இயக்கத்தின் கையில் இருந்த வன்னியிலிருந்து ஒருவர் பட்டறைக்கு வந்தார். இராசையா. ஒரு விவசாயச் சங்கத்தின் உழவு இயந்திரத்தை ஓட்டுகிறவர். நாற்பது வயதுக்குள்தான் இருக்கும். சங்கத்துக்குப் பன்னிரண்டு கல்டிவேட்டர் வேண்டும் என்றார். பேச்சைக் கேட்டதுமே எங்கள் மலையகத்து ஆள் என்று எனக்குத் தெரிந்துவிட்டது.

“எந்தத் தோட்டம் நீங்க?” என்றேன்.

அவர் முகம் மலர்ந்தது. “அட, நம்ம புள்ளையா? அப்பா காலத்துல தலவாக்கலைப் பக்கம். கலவரத்துல அடிச்சு வெரட்டுனாங்க. வன்னிக்குப் போயிக் காட்ட வெட்டி ஒக்காந்தோம். நீங்க மிஸ்ஸுன்னு நெனச்சுல்ல பயந்துகிட்டு நிக்கிறேன்!”

“இப்பயும் மிஸ்தான்.”

“சரிங்க மிஸ் தங்கச்சி,” என்றார். பியதாச பாஸ் அதைக் கேட்டுச் சிரித்தார். அன்றிலிருந்து பட்டறையில் சில மாதங்களுக்கு என் பெயர் ‘மிஸ் தங்கச்சி’ ஆயிற்று.

இராசையா அண்ணன் கொழுவைத் தூக்கிப் பார்த்தார், துளைகளில் விரலை விட்டுப் பார்த்தார். எல்லாம் பிடித்திருந்தது. சாகிற போல்ட்டை மட்டும் உள்ளங்கையில் வைத்து உருட்டிக்கொண்டே கேட்டார்:

“தங்கச்சி, இது ஒடஞ்சா வேற எங்க வாங்குறது?”

“பெட்டியோட தர்றோம் அண்ணே. நூறு போல்ட்.”

“பெட்டி வராது. செக்பொயிண்ட்ல எடுத்து வச்சிருவாங்க. மெசினுக்கு அனுமதிக் கடிதம் இருக்கு. மெசின்ல பூட்டி இருக்கிறதெல்லாம் போகும். தனியா இருக்கிற போல்ட்டு, ஆணி, குண்டுபேரிங்கு எதுவும் போகாது.”

தனியாக இருக்கும் போல்ட் வெடிகுண்டுக்குள் போகும் என்பது இராணுவத்தின் யோசனை. அந்தக் காலத்தில் அது வீண் பயமும் அல்ல. கொழும்பில் வெடித்த இடங்களில் என்னென்ன கிடந்தன என்பதை நாங்களும் கண்டவர்கள்தான்.

“அப்ப இப்ப என்ன செய்றீங்க?”

“கம்பிய வெட்டிச் சொருகுறோம். அரை நாள்ல வளஞ்சிருது. மழ விழுந்து பத்து நாளைக்குள்ள கச்சான் கடல வெதச்சாகணும். அந்தப் பத்து நாள்ல போல்ட்டு இல்லாம மெசின் நின்னா அந்த வருசம் சோறு இல்ல. ஒங்களுக்குப் புரியுமா தெரியல.”

எனக்குப் புரிந்தது. சோறு இல்லாத வருடம் எப்படி இருக்கும் என்று எனக்கு யாரும் படம் வரைந்து காட்டத் தேவையில்லை. அவரைக் கொட்டாஞ்சேனையில் லொட்ஜுக்கு அனுப்பிவிட்டு மேசையில் உட்கார்ந்தேன். அட்டவணைகளை எடுத்தேன். போல்ட் உடையாமல் இருந்தால் அந்த அடி எங்கே போகும் என்று கணக்குப் போட்டேன். கொழு கொஞ்சம் வளையும், தண்டு தாங்கும், சட்டம் தாங்கும். கல் எவ்வளவு பெரியதாக இருக்கலாம் என்பதற்கு ஓர் எண்ணை எடுத்துக்கொண்டேன். கணக்கு சரியாக வந்தது. அதே அளவு போல்ட், அதே துளை. மெல்லிரும்பு என்று இருந்த இடத்தில் கடின உருக்கு என்று எழுதினேன். படத்தில் மாறியது அந்த ஒரு வரிதான்.

பியதாச பாஸ் படத்தை வாங்கிப் பார்த்தார். “ஹரி யன்னெ நே, மிஸ்,” என்றார். சரிவராது. பிறகு தமிழில், “இந்த போல்ட் உடையத்தானே இருக்கு? உடையாட்டி வேற ஒண்ணு உடையும்.”

“வேற ஒண்ணும் உடையாது. நான் கணக்குப் பாத்துட்டேன்.”

“கணக்கு சரி மிஸ். மண்ணு?”

“பாஸ், இது என்னோட வேல,” என்றேன்.

அவர் நான்காம் வகுப்பு வரை படித்தவர். அதை நான் வாயால் சொல்லவில்லை. சொன்னதாகவே அவருக்குக் கேட்டிருக்கும். படத்தை மடித்துக்கொண்டு போய்விட்டார். ‘சரிபார்த்தவர்’ கட்டத்தில் என் முழுப் பெயர் இருந்தது, அப்பாவின் பெயரோடு.

என் கணக்கில் கூட்டல் பிழை இல்லை. அதன்பிறகு எத்தனையோ முறை போட்டுப் பார்த்துவிட்டேன், விடை மாறவில்லை. நான் கல்லுக்குத்தான் கணக்குப் போட்டேன். “காட்ட வெட்டி ஒக்காந்தோம்” என்று அந்த மனிதர் வந்த முதல் நிமிடத்திலேயே சொன்னார். எப்போது வெட்டினீர்கள், அடிவேரைத் தோண்டினீர்களா என்று நான் கேட்கவில்லை. கல் உருளும். மண்ணுக்குள் ஒரு சாண் ஆழத்தில் கிடக்கும் பாலை மரத்து அடிவேர் உருளாது. நிலத்தைப் பற்றி யாராவது உங்களிடம் பேசினால் பேனாவை வைத்துவிட்டுக் கேளுங்கள். இந்தக் கடிதத்தில் தொழிலுக்குப் பயன்படும் வரி இது ஒன்றுதான் என்று நினைக்கிறேன்.

பன்னிரண்டு இயந்திரமும் போயின. முதல் மழைக்கு நன்றாக உழுதன. ஒரு போல்ட்கூட உடையவில்லை என்று சங்கத்திலிருந்து கடிதம் வந்தது. அதை எல்லோருக்கும் வாசித்துக் காட்டினேன். பியதாச பாஸுக்கு இரண்டு தடவை வாசித்தேன்.

அடுத்த போகத்தில் இராசையா அண்ணன் சங்கத்துக்குப் புதிதாகக் கிடைத்த, காடு வெட்டிய நிலத்துண்டில் உழுதுகொண்டிருந்தார். நடுக்கொழு வேருக்குள் போய்ப் பிடித்துக்கொண்டது. போல்ட் உடையவில்லை. பின்னால் பிடி விடவில்லை, உழவு இயந்திரத்தின் சில்லு சுற்றுவதும் நிற்கவில்லை. இயந்திரத்தின் முன்பக்கம் வானத்தைப் பார்க்க எழும்பிப் பின்னால் கவிழ்ந்தது. அவர் ஒருபக்கமாகப் பாய்ந்தார். வலது கால் மட்டும் அடியில் போய்விட்டது.

வவுனியா ஆஸ்பத்திரியில் ஒருநாள் வைத்திருந்து கொழும்புக்கு அனுப்பினார்கள். முழங்காலுக்குக் கீழே எடுத்துவிட்டார்கள். செய்தி வந்து நான் ஆஸ்பத்திரிக்குப் போனபோது வார்டு வாசலில் நின்ற தாதி, “மிதிவெடிக் கேஸா?” என்று கேட்டாள். கட்டிலுக்குப் பக்கத்தில் தொங்கிய அட்டையிலும் யாரோ அப்படித்தான் எழுதியிருந்தார்கள். வன்னியிலிருந்து வந்த, ஒரு கால் இல்லாத ஆம்பிளைக்கு வேறு காரணம் இருக்கமுடியும் என்று யாருக்கும் தோன்றவில்லை.

“நானும் எத்தன பேருக்குத்தான் சொல்றது, கலப்பைடான்னு,” என்றார் இராசையா அண்ணன். “ஒருத்தனும் நம்ப மாட்டேங்குறான். பக்கத்துக் கட்டில்காரன் கேக்குறான், கலப்பை எங்கயாச்சும் வெடிக்குமான்னு.”

அவர் சிரித்தார். நான் சிரிக்கவில்லை. போல்ட்டை நான்தான் மாற்றினேன் என்று சொன்னேன். தெரியும் என்றார். கவிழ்ந்த இயந்திரத்தில் உடையாமல் இருந்த போல்ட்டைப் பார்த்த அன்றே தெரியுமாம்.

“நாந்தானே கேட்டேன், ஒடையாத போல்ட்டா இருந்தா நல்லதுன்னு.”

“நீங்க அப்படிக் கேக்கல அண்ணே. எங்க வாங்குறதுன்னுதான் கேட்டீங்க.”

தலையணையில் சாய்ந்து உட்கார்ந்தார். பிறகு, வீட்டுக் கூரைக்கு ஒரு ஓடு மாற்றுவதைப் பற்றிப் பேசுகிற மாதிரிச் சொன்னார்:

“படுத்துக் கெடந்தப்பதான் தோணுச்சு தங்கச்சி. பூட்டியிருக்கிறது எல்லாம் போகும்ல? அந்தச் சட்டத்துலயே சும்மா துள போட்டு, பத்து போல்ட்ட முறுக்கி அனுப்பியிருந்தா யாரு கேக்கப் போறா? வேணுங்கிறப்ப ஒண்ணு ஒண்ணாக் கழட்டிக்கலாம்.”

ஒரு துளைபோடும் இயந்திரமும் கால்மணி நேரமும் போதும் அதற்கு. அட்டவணை வேண்டாம், கணக்கு வேண்டாம், கல்லூரி வேண்டாம். நான் ஏன் அதை யோசிக்கவில்லை என்று இன்றுவரை என்னையே கேட்கிறேன். கடினமான கணக்கு ஒன்று கையில் இருந்தது, அதைப் போட எனக்குத் தெரிந்திருந்தது, அதனால் போட்டேன். அவ்வளவுதான் பதில்.

மறுநாளே பின்சட்டத்தில் எட்டுத் துளை வரைந்தேன். பத்துக்கு இடம் போதவில்லை. சாய்வுத் துளைக்கு மறுபடி மெல்லிரும்பு. மற்றப் பதினொரு இயந்திரத்திலும் கடின உருக்கு போல்ட்டைக் கழற்றச் சொல்லிச் சங்கத்துக்கு அன்றே கடிதம் போட்டேன். பியதாச பாஸ் படத்தைப் பார்த்தார், என்னைப் பார்த்தார், உடனே துளை போட்டார்.

இதோடு முடிந்திருந்தால் நான் இந்த மேசையிலேயே இருந்திருப்பேன். பிழை விட்டவள், அதிலிருந்து ஒன்றைக் கற்றுக்கொண்டவள் என்று என்னை நானே தேற்றிக்கொண்டிருப்பேன்.

செயற்கைக் கால் செய்து கொடுக்கும் ஓர் இடம் கொழும்பில் இருந்தது. அளவெடுத்துவிட்டு, முறை வரும்வரை காத்திருக்கச் சொன்னார்கள். இராசையா அண்ணன் கொட்டாஞ்சேனை லொட்ஜிலேயே தங்கினார். ஞாயிற்றுக்கிழமைகளில் போய்ப் பார்ப்பேன். அவர் சொல்லச் சொல்ல மனைவிக்குக் கடிதம் எழுதிக்கொடுப்பேன். “கால் வந்ததும் வந்துருவேன்னு எழுதுங்க. கட்டக் காலுன்னு எழுதிறாதீங்க, அவ பயந்துருவா,” என்பார். அந்த மாதங்களில்தான் எல்லாம் மறுபடி கெட்டது. கொழும்பில் மறுபடி வெடித்தது. மறுபடி வீதிக்கு வீதி சோதனை, மறுபடி சுற்றிவளைப்பு.

ஒரு வியாழக்கிழமை காலை பத்து மணிக்கு லொட்ஜ்காரர் பட்டறைக்கு ரெலிபோன் எடுத்தார். விடியற்காலையில் பொலிஸ் வந்து லொட்ஜில் இருந்த ஆட்களை ஏற்றிப்போயிருக்கிறார்கள். மற்றவர்களை விட்டுவிட்டார்கள். இராசையா அண்ணனை விடவில்லை. வன்னி அடையாள அட்டை, ஒரு கால் இல்லை. இயக்கத்தில் இருந்து காயப்பட்டவர் என்று எழுதிக்கொண்டார்களாம். கலப்பை என்று அவர் சொன்னபோது சிரித்தார்களாம்.

என்ன செய்யவேண்டும் என்பதில் குழப்பமே இல்லை. பொலிஸ் நிலையத்துக்குப் போய், வரைபடத்தை விரித்து, இந்தப் போல்ட்டை நான் மாற்றினேன், அதனால்தான் இந்த மனிதரின் கால் போனது, இதோ என் பெயர் என்று சொல்லவேண்டும். அப்படிச் சொல்லக்கூடிய ஆள் இந்த நாட்டில் நான் ஒருத்திதான். படத்தை எடுத்துச் சுருட்டினேன்.

பியதாச பாஸ் கையைத் துடைத்துக்கொண்டு வந்தார். “வாங்க மிஸ், நானும் வாறேன். சிங்களத்துல நான் சொல்றேன். பஸ்ல போனா அரை மணி.”

வெள்ளவத்தைக்கு ரெலிபோன் எடுத்து முதலாளியிடம் சொன்னேன்.

“அவசரப்படாதை பிள்ளை,” என்றார். “நீ தனியப் படத்தைத் தூக்கிக்கொண்டு போய் நிண்டால், அந்தப் பக்கத்துக்கு இரும்பு அனுப்பினது ஆரெண்டுதான் முதல் கேப்பாங்கள். அனுமதிக் கடிதமெல்லாத்தையும் எடுத்து, லோயரையும் கூட்டிக்கொண்டு நாளைக்குக் காலமை நானே வாறன். ஒரு நாளைக்கை என்ன வந்திடப் போகுது?”

அவர் சொன்னதில் நியாயம் இருந்தது. அவரை நான் குறை சொல்லமாட்டேன். போகக் கூடாது என்று அவர் கட்டளையிடவும் இல்லை. நான் அப்போதும் போயிருக்கலாம். பஸ் அரை மணி நேரம்தான்.

உங்களுக்குப் பொய் எழுத விருப்பமில்லை. பொலிஸுக்குப் பயம் இருந்தது, அது எல்லோருக்கும் இருந்தது. ஆனால் என்னைப் பிடித்து வைத்தது அதுவல்ல. என் பிழையை நானே வாயால் சொல்லி, அவர்கள் அதை எழுதி, அதன் கீழே நான் கையெழுத்துப் போடவேண்டும். எங்கள் வீட்டில் முதல் கையெழுத்து என்னுடையது. அது போய் அப்படியொரு காகிதத்தில் உட்காரவேண்டுமா என்று ஒரு நிமிடம் நினைத்தேன். அந்த ஒரு நிமிடத்துக்கு முதலாளியின் நியாயம் வசதியாக இருந்தது.

“நாளைக்குப் போவோம் பாஸ்,” என்றேன்.

அவர் சுவரில் இருந்த மணிக்கூட்டைப் பார்த்தார். “இன்னிக்குப் போவோம் மிஸ்,” என்றார். நான் சுருட்டிய படத்தை அலமாரிக்குள் வைத்தேன். அவர் போய்த் தன் இயந்திரத்தை ஓடவிட்டார். அன்று பின்னேரம் வரை அந்த இயந்திரம் ஒரு நிமிடமும் நிற்கவில்லை.

வெள்ளிக்கிழமை காலை எட்டு மணிக்கெல்லாம் அங்கே இருந்தோம். முதலாளி, லோயர், பியதாச பாஸ், நான். மேசையில் இருந்தவர் இளம் அதிகாரி. பதிவுப் புத்தகத்தைப் புரட்டிவிட்டு, நேற்று மாலையே வேறு இடத்துக்கு அனுப்பிவிட்டார்கள் என்றார். எந்த இடம் என்று கேட்டார் லோயர். தனக்குத் தெரியாது, வாகனம் வந்தது, ஏற்றிப்போனார்கள் என்றார்.

இருந்தும் நான் படத்தை மேசையில் விரித்தேன். பியதாச பாஸ் சிங்களத்தில் சொல்லத் தொடங்கினார். அவர் பாதி சொல்லும்போதே அதிகாரி கையை உயர்த்தி நிறுத்திவிட்டுப் படத்தின் மேல் குனிந்தார். விரல் நேராக அந்த மூன்று துளைக்குப் போனது.

“இதில்தானே உடைகிற போல்ட் வரும்?” என்று சிங்களத்தில் கேட்டார். தங்கள் வீட்டிலும் உழவு இயந்திரம் இருக்கிறது என்றார். தன் அண்ணன்தான் ஓட்டுகிறாராம். மழைக் காலத்தில் ஒரு தகர டப்பா நிறையப் போல்ட் வைத்துக்கொண்டுதான் வயலில் இறங்குவாராம். “இதற்கு ஏன் கடின உருக்கைப் போட்டீர்கள்? வண்டி கவிழாதா?”

காரணத்தைச் சொன்னேன். செக்பொயிண்டில் போல்ட்டை விடாததைச் சொன்னேன். அவர் நிமிர்ந்து என்னைப் பார்த்தார். முகத்தில் கோபம் இல்லை. கோபம் இருந்திருந்தால் எனக்குச் சுகமாக இருந்திருக்கும்.

“இதை நேற்றுக் கொண்டுவந்திருக்கலாமே,” என்றார்.

என் வாக்குமூலத்தை எழுதிக்கொண்டார். கையெழுத்துப் போட்டேன். முழுப் பெயர். அந்தக் காகிதத்தால் ஒருவருக்கும் ஒரு பயனும் இல்லை.

அதன்பிறகு எத்தனை வாசல்களில் நின்றோம் என்பதை எழுதப்போவதில்லை. எல்லா இடத்திலும் ஒரே பதில், அப்படி ஒருவர் இங்கே இல்லை. சில மாதங்களில் வடக்குப் பாதையை மூடிவிட்டார்கள். மூடுவதற்கு முன்பு அவர் மனைவியிடமிருந்து இரண்டு கடிதம் வந்தது, யாரையோ பிடித்து எழுதியது. முதலாவதில், கால் வந்துவிட்டதா என்று கேட்டிருந்தார். காணவில்லை, தேடுகிறோம் என்று பதில் எழுதினேன். இரண்டாவது கடிதம் வந்தபோது என் பதில் போய்ச் சேரவில்லை என்று தெரிந்தது. அதிலும் அதே கேள்விதான். மறுபடி எழுதினேன். அது எங்கே கிடக்கிறது என்று தெரியாது.

எட்டு போல்ட் பூட்டிய இயந்திரம் ஒன்றுகூட வன்னிக்குப் போகவில்லை. அநுராதபுரத்துக்குப் போகின்றன, அம்பலாந்தோட்டைக்குப் போகின்றன. அங்கே எந்தச் சந்திக் கடையிலும் போல்ட் கிடைக்கும். அந்தப் பக்கத்து விவசாயிகள், இது எதற்கு என்று கேட்கிறார்கள். உதிரி என்று சொல்லுங்கள். அவர்களுக்கு அது போதும்.

நான் வத்தளையில் பிளாஸ்டிக் வாளி செய்யும் தொழிற்சாலைக்குப் போகிறேன். வாளி உடைந்தால் தண்ணீர் சிந்தும். அதற்கு மேல் ஒன்றும் நடக்காது.

கடின உருக்கு என்று எழுதிய அந்தப் பழைய படம் கீழ் இழுப்பறையில் இருக்கிறது. கிழித்துவிட வேண்டாம், அதில் என் பெயரை அழிக்கவும் வேண்டாம். யாராவது ஒருநாள் கேட்டு வந்தால், யார் செய்தது என்று தெரியவேண்டும். இப்போது அந்தப் பெயரால் ஆகக்கூடிய காரியம் அது ஒன்றுதான்.

இன்னொன்று. அலமாரியின் மேல் சாக்கில் சுற்றி ஒன்று இருக்கிறது. போன மாதம் அந்தக் கால் செய்யும் இடத்திலிருந்து கூப்பிட்டார்கள். கால் எப்போதோ முடிந்துவிட்டது, ஆள் வரவில்லை, வைத்திருக்க இடமில்லை என்றார்கள். நான்தான் போய் எடுத்துவந்தேன். வலது கால். கணுக்கால் போல்ட்டைத் தளர்த்தினால் உயரத்தைக் கூட்டிக் குறைக்கலாம், பியதாச பாஸுக்குக் காட்டியிருக்கிறேன். இராசையா அண்ணன் வருவார் என்று நான் நம்பவில்லை. வந்தால் அந்த போல்ட்டை ஒருமுறை இறுக்கிப் பார்த்துவிட்டுக் கொடுங்கள்.